பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இரண்டு பெட்டிகள்

ஒலிபெருக்கி என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவில் எழுவது தென்னை மரத்தில் கட்டிய கூம்புக் குழாய்தான். மார்கழி விடியல், ஆடி மாதக் கூழ் வார்த்தல், தேர்தல் ஜீப் எல்லாம் அந்தக் குழாயோடு சேர்ந்தே வரும். பெருக்குவதுதான் அதன் தொழில் என்று நாம் ஒப்புக்கொண்டு வெகுகாலமாகிவிட்டது. ஆகவே வீட்டுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர், தம் அறை எவ்வளவு சிறியதாயினும், எது அதிகம் பெருக்கும் என்பதையே முதலில் விசாரிக்கிறார். நூல்களைத் தேர்வதில் இத்தனை நுட்பம் பாராட்டும் நம் சிற்றிதழ் வாசக நண்பர்களும் இதற்கு விலக்கல்லர். ஆளுயரப் பெட்டிகளை அலமாரிக்கும் கட்டிலுக்கும் இடையில் சுவரோடு சுவராக ஒட்டி நிறுத்திவிட்டு, பழைய கச்சேரிகளில் மிருதங்கம் ஏன் இப்படி உறுமுகிறது என்று பதிவின்மேல் பழிபோடுகிறவர்களை நாங்கள் அறிவோம்.

எங்கள் கட்சி இதற்கு நேர் எதிரானது. சிறிய அறைக்குச் சிறிய பெட்டி வேண்டும். முடிந்தால் துளையில்லாத மூடிய பெட்டி. அது சுவரை விட்டு விலகி நிற்கவேண்டும், நாம் அதன் அருகே சென்று அமரவேண்டும். சிக்கனத்தின் பொருட்டுச் சொல்லும் சமாதானம் அல்ல இது. பணம் தாராளமாக இருப்பவருக்கும் இதையே சொல்வோம்.

சிறிய அறை என்று நாங்கள் குறிப்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி, உயரமும் பத்தடி. அடுக்ககங்களில் இரண்டாவது படுக்கையறை என்ற பெயரில் கிடைப்பது ஏறக்குறைய இதுதான். சிமெண்டுப் பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் தளம். அமெரிக்க ஆடியோ இதழ்கள் சிறிய அறை என்று எழுதும்போது அவர்கள் மனத்தில் இருப்பது தரைவிரிப்பும், மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகைச் சுவரும் கொண்ட அறை. அந்தச் சுவர் தாழ்ந்த ஒலிகளுக்குத் தானும் சற்று அதிர்ந்து கொஞ்சத்தை விழுங்கிவிடும். நம் செங்கல் சுவர் எதையும் விழுங்காது. வந்ததை வந்தபடியே திருப்பி அனுப்பும். அவர்களுடைய ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்குப் பாதிதான் பயன்படும்.

ஒவ்வோர் அறைக்கும் அதற்கென்று சில சுருதிகள் உண்டு. நம் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது. அதை அறையின் நீளத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் அந்த அறையின் மிகத் தாழ்ந்த சுருதி கிடைக்கும். பன்னிரண்டடிக்கு (3.66 மீட்டர்) அது 47 ஹெர்ட்ஸ், பத்தடிக்கு 57. இங்கே அகலமும் உயரமும் சமமாக இருப்பதால் 57 இரண்டு திசையிலிருந்தும் ஊக்கம் பெறுகிறது. இதற்கு மேலும் 74, 80, 94 என்று வரிசையாக உண்டு. தொப்பியில் ஒரு தட்டு விழுந்தால் ஸ்பீக்கர் ஓய்ந்த பிறகும் அறை தொடர்ந்து பாடிக்கொண்டிருப்பது இதனால்தான். மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் சரியாகும் என்பார்கள். சுவரோரம் வைத்த பஞ்சு ஓர் ஒலியை நன்றாக அடக்க, அந்த ஒலியின் அலைநீளத்தில் கால்பங்கு அளவாவது கனம் வேண்டும்; 57 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்றரை மீட்டர். இலவம் பஞ்சு மெத்தை மேல்ஸ்தாயிக் கூச்சலைக் குறைக்கும். கீழே நடப்பதை அது அறியவே அறியாது.

ஆகவே 35, 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெரிய பெட்டியை இந்த அறையில் வைப்பது, உறங்குகிறவர்களை எழுப்பிவிட்டுப் பிறகு அமைதிப்படுத்த வழி தேடுவது போன்றது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லத் தணிந்துவிடும் சிறிய பெட்டி அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. மூடிய பெட்டியில் இந்தத் தணிவு ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபல். துளையுள்ள பெட்டியில் 24. தாழ்ந்த ஒலிகளைச் சுவர்கள் இயல்பாகவே சற்று உயர்த்திக் கொடுப்பதால், மெல்லத் தணியும் மூடிய பெட்டியும் அறையும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. துளையுள்ள பெட்டிகளிலும் நல்லவை உண்டுதான். ஆனால் பின்புறம் துளை வைத்த பெட்டியைச் சுவரில் ஒட்டிவைத்து நல்லது நடந்த வீட்டை நாங்கள் இதுவரை கண்டதில்லை.

கீழ்ஒலிகளை இழந்துவிட்டு எதைக் கேட்பது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண் பாடகரின் மத்திய ஷட்ஜம் 139 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. அவருக்கான தம்பூராவின் மந்தர ஷட்ஜம் 69. சிறிய பெட்டி அந்த 69ஐ முழுமையாகத் தராது என்பது உண்மை. ஆயினும் தம்பூராவில் நாம் கேட்பது பெரும்பாலும் அந்த அடிச்சுரத்தை அல்ல. 1921இல் சி.வி. ராமன் தம்பூரா, வீணை ஆகியவற்றைக் குறித்து எழுதியதில் இதற்கான விளக்கம் இருக்கிறது. தந்தியை ஒரு குறிப்பிட்ட இடத்தில் மீட்டினால் இன்ன மேற்சுரம் பிறக்காது என்று ஐரோப்பிய இயற்பியல் விதித்திருந்தது. தம்பூராவின் வளைந்த குதிரையும் ஜீவாளி நூலும் அந்த விதியை மீறி அந்த மேற்சுரத்தையும் பிறப்பிக்கின்றன என்று அவர் காட்டினார். மேற்சுரங்களின் இந்தச் செழிப்புதான் தம்பூராவின் நாதம். மேற்சுரங்கள் ஒழுங்காக வந்துசேர்ந்தால் அடிச்சுரத்தை மனம் தானே நிரப்பிக்கொள்ளும்; செவியின் இயல்பு அது. மிருதங்கத்தின் கும்கியில் சிறிது குறையும், மறுக்கவில்லை. ஆனால் ஆழம் குறைந்து தெளிவாக வரும் கும்கியா, அறை முழுதும் உருண்டு எந்தச் சுரத்தில் நின்றதென்றே தெரியாத கும்கியா என்று கேட்டால் நாங்கள் முதலாவதைத்தான் எடுத்துக்கொள்வோம்.

இந்த வாதத்துக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. பிரிட்டனின் பிபிசி, வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக 1970களின் தொடக்கத்தில் எல்எஸ் 3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தது. வேனுக்குள் இடமில்லை, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நாள்முழுதும் ஒலியை எடைபோடவும் முடியாது. எனவே ஓரடி உயரம், முக்காலடிக்கும் குறைவான அகலம், உள்ளே ஏறக்குறைய ஐந்து லிட்டர் கொள்ளளவு உள்ள ஒரு மூடிய பெட்டி. வூஃபரும் ட்வீட்டரும் கெஃப் நிறுவனத்தின் பி110, டி27. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் முதலிய நிறுவனங்கள் பிபிசியின் உரிமம் பெற்று அதைச் செய்து விற்றன. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பழைய உருவிலேயே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பாஸ் இல்லை என்பது புகார். உரக்க வைத்தால் திணறும் என்பதும் உண்மை. நடுஒலிக்குச் சற்றுக் கீழே சிறிதளவு மேடு வைத்து, இல்லாத கனத்தை இருப்பதாகக் காட்டும் சாமர்த்தியமும் அதில் உண்டு. ஆனால் ஒரு மனிதர் பேசினால் அந்த மனிதர் பேசுவதாகவே கேட்கும். பிபிசி பொறியாளர்கள் தங்கள் ஸ்பீக்கர்களை எடைபோட மனிதப் பேச்சையே முக்கிய உரைகல்லாகக் கொண்டிருந்தார்கள். ஸ்டூடியோவில் நேரில் பேசுகிறவரின் குரலையும் ஸ்பீக்கரில் வரும் அதே குரலையும் ஒப்பிடுவார்கள். வயலினோ பியானோவோ சற்றுத் திரிந்தால் ரசனை வேறுபாடென்று சொல்லித் தப்பித்துவிடலாம். அறிந்த குரல் திரிந்தால் வீட்டிலுள்ள குழந்தைக்கும் தெரிந்துவிடும். வாய்ப்பாட்டையே தலையாயதாகக் கருதும் நம் மரபுக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் இருப்பதாகத் தோன்றவில்லை.

அந்தக் குறிப்பிட்ட பெட்டியைத்தான் வாங்கவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அதன் விலை இப்போது பழம்பொருள் மோகத்தின் விலை. அதன் கொள்கையைப் பின்பற்றும் எளிய பெட்டிகள் பல உண்டு.

இனி எங்கே வைப்பது என்பது. வாங்குவதைவிட இதுவே பெரிய விஷயம். செலவற்றது என்பதாலேயே யாரும் மதிப்பதில்லை. பெட்டியிலிருந்து பின்புறம் சென்ற தாழ்ஒலி சுவரில் பட்டுத் திரும்பி முன்புறம் வருவதற்குள், ஓர் அதிர்வெண்ணில் அது நேரொலிக்கு எதிர்நிலையில் வந்து அதைப் பெருமளவு அழித்துவிடும். பெட்டியின் முகப்புக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரத்தை நான்கால் பெருக்கி, ஒலியின் வேகத்தை அதனால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். தூரம் 60 சென்டிமீட்டர் என்றால் 144 ஹெர்ட்ஸ். 62 என்றால் 139. அதாவது, இரண்டடி தள்ளிவைத்தால் போதும் என்று எல்லோரும் சொல்லும் அந்த இரண்டடி, ஒன்றரைக் கட்டைப் பாடகரின் ஆதார ஷட்ஜத்தைக் குறிபார்த்து அடிக்கிறது. மற்ற சுவர்களிலிருந்து வரும் ஒலிகள் அந்தப் பள்ளத்தை ஓரளவு தூர்த்துவிடும் என்பதால் சுரம் முற்றிலும் மறைவதில்லை. ஆனால் பாடகர் ஷட்ஜத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் குரல் மெலிவதாக ஒரு பிரமை எழும். அதற்காகப் புதிய ஆம்ப்ளிஃபையர் வாங்கியவர்கள் உண்டு. கைபேசிச் செயலி கொண்டு அறையைச் சரிசெய்யும் கருவிகள் இப்போது நிறைய வந்துள்ளன. அவற்றால் மேட்டை வெட்டமுடியும். இத்தகைய பள்ளத்தை நிரப்ப முடியாது. எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் திரும்பிவரும் ஒலியும் அதே அளவு கூடித்தான் வரும்.

எங்கள் கணக்கு இது. பத்தடிச் சுவர்ப் பக்கம் பெட்டிகள் நிற்கட்டும். ஒலி பன்னிரண்டடி நீளத்தில் செல்லட்டும். பெட்டியின் முகப்பு பின்சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே 160. கேட்பவர் தலையும் இரண்டு பெட்டிகளும் ஒரு சமபக்க முக்கோணம். இப்படி வைத்தால் பக்கச் சுவர் 72 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும். பின்சுவரின் பள்ளம் 96 ஹெர்ட்ஸிலும் பக்கச் சுவரின் பள்ளம் 120இலும் விழுவதால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது, ஷட்ஜமும் பிழைக்கும். நாம் அமரும் இடம் அறை நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் வருகிறது. அது மிக நல்ல இடம். நடுமத்தியில் அமர்ந்தால் 47 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். பின்சுவரில் சாய்ந்து அமர்ந்தால் எல்லாத் தாழ்ஒலியும் தலைக்குள் வந்து குவியும். நம் வீடுகளில் நாற்காலிகளும் சோபாக்களும் சுவரை ஒட்டியே கிடப்பவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் விற்கும் ஸ்டாண்டுகள் சோபாவில் அமர்பவரின் காதுக்கு அளவெடுத்தவை. நம்மில் பலர் பாட்டுக் கேட்பது ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு. காது அப்போது தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். ட்வீட்டர் அதற்கும் மேலே நின்று நம் தலைக்கு மேல் பாடிக்கொண்டிருக்கும். ஸ்டாண்டைத் தச்சரிடம் சொல்லி உயரம் குறைத்துச் செய்துகொள்வதே நல்லது.

பக்கச் சுவரில் பட்டு வரும் முதல் எதிரொலி எங்கே பிறக்கிறது என்று அறிய ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி போதும். நாம் அமர்ந்துகொண்டு, வேறொருவர் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தச் செய்தால், எந்த இடத்தில் ட்வீட்டர் கண்ணுக்குத் தெரிகிறதோ அதுவே இடம். அங்கே புத்தக அலமாரி வரலாம். ஒரே அளவாக அடுக்கப்படாத நூல்கள் உயர்ந்த ஒலிகளைச் சிதறடித்து மென்மையாக்கும். தடித்த நாவலும் மெலிந்த கவிதைத் தொகுப்பும் கலந்திருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பூச்சிக்கும் தூசிக்கும் அஞ்சி நாம் அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டு வைத்திருக்கிறோம். கதவு மூடியிருக்கும்வரை உள்ளே நூல்கள் இருப்பது ஒலிக்குத் தெரியாது. கேட்கும் நேரத்தில் திறந்து வையுங்கள்.

இவ்வளவும் ஸ்டீரியோவுக்காக. நம் சங்கீதத்துக்கு ஸ்டீரியோ தேவைதானா என்ற கேள்வியை இங்கே தவிர்க்க முடியாது. 1931 டிசம்பரில் இஎம்ஐ நிறுவனப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் தம் காப்புரிமை விண்ணப்பத்தைப் பதிந்தபோது அவர் விரும்பியது, ஒலி எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே வருவதாகச் செவிக்குத் தோன்றவேண்டும் என்பதைத்தான். (போர்க்கால ரேடார் சோதனையின்போது விமானம் விழுந்து 1942இல் அவர் இறந்தார், வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டு பரவலாகக் கடைக்கு வந்தது 1958இல்.) நம் கச்சேரி மேடையில் இதற்கு இடமிருக்கிறது. நடுவில் பாடகர், நாம் பார்க்கையில் வலப்புறம் வயலின், இடப்புறம் மிருதங்கம். வலந்தலை நம்மை நோக்கி இருக்கும். இடக்கைக்காரரான பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசித்தால் இந்த அமைப்பே மாறும். அவர் 1962இல் மறைந்தார். நமக்குக் கிடைக்கும் அவருடைய பதிவுகள் மோனோ. எந்தப் பக்கம் அமர்ந்தார் என்பதை நம் செவி அறிய வழியில்லை.

நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கச்சேரிகளில் பெரும்பகுதி இப்படி மோனோவில் பதிவானவைதான். வானொலிப் பதிவுகள், 78 சுழற்சி இசைத்தட்டுகள், யாரோ சபாவின் முன்வரிசையில் அமர்ந்து பிடித்த டேப்புகள். இவற்றை இரண்டு ஸ்பீக்கரிலும் ஒருசேர விடுவதே வழக்கம். எங்கள் யோசனை, ஒன்றை அணைத்துவிடுங்கள் என்பது. இரண்டிலும் ஒரே ஒலி வரும்போது நடுவில் பாடகர் இருப்பதாகத் தோன்றுவது ஒரு மாயை. இடப்பக்கப் பெட்டியின் ஒலி வலக்காதை அடைய ஏறத்தாழ கால் மில்லிநொடி தாமதிக்கிறது. வலப்பக்கப் பெட்டியின் ஒலி இடக்காதுக்கும் அவ்வாறே. இந்தத் தாமதத்தால் 2000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் ஒலி மெலிகிறது. சொற்களின் தெளிவுக்கு இன்றியமையாத பகுதி அது. ஒரே பெட்டியை நேர் எதிரே வைத்துக் கேட்டால் இந்தக் குறை இல்லை. கிருதியின் சாகித்தியம் துலங்கிக் கேட்கும். இரண்டாவது ஸ்பீக்கருக்குக் கொடுத்த பணம் வீண்தானே என்பவர்களுக்கு, ராஜாவின் 1986ஆம் ஆண்டு ‘ஹௌ டு நேம் இட்’ போன்ற ஸ்டீரியோ பதிவுகள் இருக்கின்றன. கருவிகள் எங்கெங்கே அமர்கின்றன என்பதும் அங்கே இசையமைப்பின் ஒரு பகுதி. அதை ஒற்றைப் பெட்டியில் கேட்பது அநியாயம். ஆனால் பல சபாப் பதிவுகளில் ஸ்டீரியோ என்பது, மேடை மைக்குகளை மிக்சரில் அமர்ந்திருந்தவர் தமக்குத் தோன்றியபடி இடமும் வலமும் பங்கிட்டது மட்டுமே. மிருதங்கம் எட்டடி அகலத்துக்கு விரிந்து கிடக்கும் கச்சேரிகளையும் நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா?

ஒற்றைப் பெட்டி வாங்கும்போதும் உதவும். கடைக்காரர் எப்போதும் இரண்டையும் ஒருசேர ஓடவிடுவார். தொடர்வண்டி, இடி, கண்ணாடி உடைவது என்று வரும் விளம்பர ஒலிகளைப் போடுவார். ஒன்றை அணைக்கச் சொல்லுங்கள். ஃப்ளாய்ட் டூல் பல்லாண்டு ஆய்வில் கண்டது, ஒற்றை ஸ்பீக்கரில் குறைகள் கூர்மையாகத் தெரிகின்றன, ஸ்டீரியோவில் அவை ஒளிந்துகொள்கின்றன என்பது. அவரும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட சோதனையில், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது தந்த மதிப்பெண்களைக் கேட்பவர்கள் திரையை விலக்கியதும் மாற்றிக்கொண்டார்கள். பெரிய பெட்டிகள் கண்ணுக்குத் தெரிந்ததும் மேலே ஏறின, சிறியவை இறங்கின. காது கேட்டதைக் கண் திருத்தி எழுதிவிடுகிறது. நன்கறிந்த ஒரு குரலின் பதிவை எடுத்துச் சென்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒலியளவைச் சமமாக வைத்துக் கேளுங்கள். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் மேலானதாகத் தோன்றும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வாட் கணக்கை நினைத்து அஞ்சவேண்டாம். 83 டெசிபல் உணர்திறன் கொண்ட சோம்பேறிப் பெட்டிக்கும் ஒன்றரை மீட்டரில் அமர்பவருக்கு 30 வாட் தாராளம்.

வீட்டாரைப் பற்றியும் சொல்லவேண்டும். அறையின் மூன்றடி உள்ளே இரண்டு பெட்டிகள் நிற்பதை வீட்டில் ஒப்புக்கொள்வதில்லை என்பதைக் கேலியாக எழுதுவது, குறிப்பாக மனைவியரைச் சாடி எழுதுவது, ஆடியோ பிரியர்களின் வாடிக்கை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அது பலரும் புழங்கும் அறை. துணி மடிப்பதும் குழந்தை படிப்பதும் அங்கேதான். சிறிய பெட்டியை ஆதரிக்க எங்களுக்கு இதுவும் ஒரு காரணம். ஆறேழு கிலோ பெட்டியை ஸ்டாண்டோடு நகர்த்திவிடலாம். தரையில் நான்கு சாக்பீஸ் புள்ளிகள் வைத்துக்கொண்டால் கேட்கும் நேரத்தில் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, முடிந்ததும் சுவரோரம் தள்ளிவிட முடியும். ஆளுயரப் பெட்டியை அப்படி யாரும் நகர்த்துவதில்லை. வாங்கிய அன்று வைத்த மூலையில் அது நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது.

நாகஸ்வரத்துக்கு மட்டும் எங்களிடம் விடையில்லை. கோயில் வெளிப்பிராகாரத்துக்கும் நான்கு மாட வீதிக்கும் ஆன வாத்தியத்தையும் தவிலையும் பத்தடிச் சுவர்களுக்குள் அடக்க எந்தப் பெட்டியாலும், சப்வூஃபர் சேர்த்தாலும், முடியாது. ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்க நாங்கள் கைக்கொள்ளும் முறை வேறு. ஒரு பெட்டியை மட்டும் ஓடவிட்டு, அறைக்கதவைத் திறந்துவைத்து, அடுத்த அறையில் போய் அமர்ந்துகொள்கிறோம். கதவு வழியே வரும் தோடி, தெருமுனையில் எங்கோ புறப்பாடு நடப்பதைப் போலக் கேட்கிறது.